அத்தி வரதர் பள்ளிகொண்ட இடம்: அனந்தசரஸ் கரையில் கவனிக்க வேண்டியவை

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்களில் பலர், மூலவரைச் சேவித்ததுமே அத்தி வரதரைப் பார்த்துவிட்டதாக நினைத்துக் கிளம்பிவிடுகிறார்கள். அத்திகிரியில் 24 படி ஏறிச் சேவிப்பது கல் திருமேனி. அத்தி மரத்தாலான ஆதிப் பெருமாள் அனந்தசரஸ் திருக்குளத்து நீருக்கடியில் சயனித்திருக்கிறார். 1939, 1979, 2019 என 40 ஆண்டுக்கு ஒருமுறை எழுந்தருளினார், அடுத்து 2059.

மேற்கு ராஜகோபுரம் வழியே நுழைந்தால் இடப்பக்கம் நூற்றுக்கால் மண்டபம். கூரை மூலையில் தொங்கும் கல் சங்கிலியை நின்று பாருங்கள். வளையத்துக்குள் வளையம், ஒட்டுப் போடாத ஒரே கல். அதற்கு வடக்கே குளம்.

குளத்துக்குள் இரண்டு நீராழி மண்டபங்கள் இருப்பதால் இங்கேதான் தவறு நேர்கிறது. தெற்கே இருக்கும் நான்கு கால் மண்டபம்தான் அடையாளம். அதற்கடியில் இன்னொரு சிறு மண்டபம், அதனுள்ளே பெருமாள். படித்துறையிலிருந்து எட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது. அந்த மண்டபத்தை நோக்கிக் கைகூப்பினால் போதும்.

2019இல் குளத்து நீரைப் பக்கத்திலுள்ள பொற்றாமரைக் குளத்துக்கு இறைத்து, சேற்றை அள்ளிய பிறகே பெருமாளை வெளியே எடுத்தார்கள். வசந்த மண்டபத்தில் ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம், மொத்தம் 48 நாள்.

பிரம்மன் வேள்வித் தீயில் தோன்றிய வரதரின் வெப்பம் தணிக்கவே இந்த நீர்வாசம் என்கிறது தலபுராணம். மரத்துக்கும் அதுதான் காப்பு. காற்றோட்டமில்லாத நீரடியில் கரையான் அண்டாது, பூஞ்சை பிடிப்பது கடினம். நனைந்து காய்ந்து மறுபடி நனையும் மரம்தான் வெடித்து உளுக்கும். அதனால் குளம் வற்றாமல் இருப்பது அழகுக்காக மட்டுமல்ல. பூமாலை, காசு, பிளாஸ்டிக் பை எதையும் தயவுசெய்து உள்ளே எறியாதீர்கள். எல்லாம் அடியில் சேறாகத்தான் சேரும்.

கிழக்குக் கரையில் சக்கரத்தாழ்வார் சன்னதி. முன்புறம் பதினாறு கை சுதர்சனர், பின்புறம் யோக நரசிம்மர். வலம் வராமல் திரும்பினால் பாதி தரிசனம்தான்.

மதியம் நடை சாத்துவார்கள், கல்தரையும் கொதிக்கும். காலையிலேயே வந்துவிடுங்கள். வைகாசிப் பிரம்மோற்சவம் மூன்றாம் நாள் கருட சேவை, நிற்க இடமிருக்காது. குளத்துக்காகவே வருகிறவர்கள் ஒன்பதாம் நாள் தீர்த்தவாரிக்கு வரலாம். அன்று உற்சவர் இந்தக் குளத்துக்கே எழுந்தருள்வார்.