பெஞ்சுக்குப் பின்னால் ஒரு வேலை

ஜனவரியில் காலை ஆறரைக்குப் பயிற்சி வைத்தால் எங்கள் மைதானத்துப் புல் உப்பு தூவிய மாதிரி வெளுத்திருக்கும். வெலிங்டன் பக்கம் ஊட்டி அளவுக்கு உறைபனி விழாது. ஆனால் எங்கள் மைதானம் பள்ளத்தில் இருக்கிறது, வெயில் எட்டு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும். அப்படி ஒரு காலையில் எங்கள் பள்ளி ஹாக்கி அணியின் கோல்கீப்பர் முழங்காலில் பிரேஸ் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். பனிரெண்டாம் வகுப்பு. கொஞ்ச நேரம் மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"மிஸ், விளையாட முடியாமப் போனவங்கதானே கோச் ஆவாங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. அக்டோபரில் ஒரு மேட்ச்சில் அவளுக்கு ஜவ்வு கிழிந்தது. கோயம்புத்தூரில் ஆபரேஷன். பத்தொன்பது வயதில் எனக்கும் அதே காலில் அதே ஜவ்வு கிழிந்ததும், அதற்குப் பிறகு நான் பி.பி.எட். என்கிற உடற்கல்விப் படிப்பில் சேர்ந்ததும் அவளுக்குத் தெரியும். அவள் கேட்டது என்னைப் பற்றி அல்ல, தன்னைப் பற்றி. "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு விசில் ஊதப் போய்விட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை, ஐஸ் ஹாக்கி கோச்கள் சிலரை வைத்து இங்கே எழுதுகிறேன். அவளும் படிப்பாள்.

இதில் ஐஸ் ஹாக்கி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அண்ணன் மூலமாக வந்தது. அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர், இரண்டு குளிர்காலம் லடாக்கில் லே பக்கம் பணி. நம் குன்னூர் ஆயிரத்து எண்ணூறு மீட்டர் சொச்சம், லே மூவாயிரத்து ஐந்நூறு. அங்கே டிசம்பர் கடைசியில் குளம் உறைந்ததும் பிள்ளைகள் ஸ்கேட் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அதை வீடியோ எடுத்து அனுப்புவார். "பாப்பா, உன் ஆட்டத்த இங்க வழுக்கிக்கிட்டே ஆடறாங்க பாரு" என்பார். ராத்திரியில் தண்ணீர் விட்டு, அது உறைந்ததும் இன்னொரு சுற்றுத் தண்ணீர் விட்டு, ஆட்களே கையால் மைதானம் செய்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கே கோல்கீப்பருக்கு கிரிக்கெட் பேடுதான் கவசமாம்.

முதலில் நானும் இது நம் ஆட்டம்தான், தரை மட்டும் வேறு என்று நினைத்தேன். பார்க்கப் பார்க்கத்தான் வித்தியாசம் தெரிந்தது. நம் மட்டையில் தட்டையான ஒரு பக்கம்தான் பந்தைத் தொடலாம், அங்கே இரண்டு பக்கமும் தொடலாம். நாம் பதினொரு பேர், அவர்கள் கோலியோடு சேர்த்து ஆறு பேர். நாம் பதினைந்து பதினைந்து நிமிடமாக நான்கு பகுதி, அவர்கள் இருபது இருபதாக மூன்று. ஆனால் என்னை உட்கார வைத்தது வேறொன்று. ஒரு ஆட்டக்காரர் களத்தில் தொடர்ந்து நிற்பது சுமார் நாற்பத்தைந்து விநாடிதான். அதை ஷிஃப்ட் என்கிறார்கள். அதற்குமேல் அந்த வேகத்தில் கால் தாங்காது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று பேர் பெஞ்சுக்கு வந்து விழுவார்கள், மூன்று பேர் தடுப்பைத் தாண்டிக் குதிப்பார்கள். கோச் அந்த பெஞ்சுக்குப் பின்னால் நிற்கிறார். அடுத்து எந்த மூவர், எதிரணியின் எந்த மூவருக்கு எதிராக என்று ஆட்டம் முழுக்க முடிவு எடுத்துக்கொண்டே இருக்கிறார். ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது, எதிரணி யாரை இறக்குகிறது என்று பார்த்துவிட்டுக் கடைசியாக ஆள் மாற்றும் உரிமை உள்ளூர் அணிக்கு உண்டு. அந்த ஒரு சலுகைக்காகவே கோச்கள் எவ்வளவு கணக்குப் போடுகிறார்கள் என்று பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. நன்றாக ஆடத் தெரிந்ததால் மட்டும் இந்த வேலை வந்துவிடாது. இதைத் தனியாகக் கற்க வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு கோச்சாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஜான் கூப்பரின் கதையில் நான் அதிக நாள் நின்றேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வழக்கறிஞர், வசதியில்லாதவர்களுக்காக வாதாடியவர். 1999-ல் ஒரு நீதிபதி தன் மகன் ஆடும் பள்ளி அணிக்கு கோச்சாக வரச் சொல்லிக் கேட்டார். அங்கே ஆரம்பம். அதற்குப் பிறகு சின்ன ஊர்களின் ஜூனியர் அணிகள். அதற்கும் மேலே ஏ.எச்.எல். என்கிற இரண்டாம் நிலை லீக். அங்கே 2012-ல் அவருடைய நார்ஃபோக் அணி தொடர்ந்து 28 ஆட்டம் ஜெயித்து கோப்பையையும் எடுத்தது. 2013-ல்தான் வட அமெரிக்காவின் உச்ச லீகான என்.எச்.எல்.லில் ஆடும் டாம்பா பே அணி கூப்பிட்டது. அந்த அணிக்கு 2020, 2021 என்று அடுத்தடுத்து ஸ்டான்லி கோப்பை, என்.எச்.எல். சாம்பியனுக்குக் கிடைப்பது. பள்ளிக்கூடத்து பெஞ்சிலிருந்து உச்ச லீகின் பெஞ்சுக்குப் போகப் பதினான்கு வருடம். ஒரு படியையும் அவர் தாண்டிக் குதிக்கவில்லை.

ஜாரெட் பெட்னாரும் அப்படித்தான். ஆட்டக்காரராக என்.எச்.எல்.லில் ஒரு மேட்ச்கூட ஆடாதவர். கோச்சாக மூன்றாம் நிலை லீகில் கோப்பை, இரண்டாம் நிலை லீகில் கோப்பை, 2022-ல் கொலராடோவோடு ஸ்டான்லி கோப்பை. மூன்றையும் தலைமை கோச்சாக ஜெயித்த முதல் ஆள் அவர்தான்.

இப்போது எங்கள் கோல்கீப்பர் கேட்ட இடத்துக்கு வருகிறேன். ஸ்காட்டி போமன், 1933-ல் பிறந்தவர், மாண்ட்ரியால்காரர். ஜூனியராக ஆடும்போது எதிரணி ஆளின் மட்டை தலையில் பட்டு மோசமான காயம். அதற்குப் பிறகும் கொஞ்சம் ஆடிப் பார்த்தார், மேலே போக முடியவில்லை. பெயிண்ட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1967-ல் என்.எச்.எல்.லின் செயின்ட் லூயிஸ் அணிக்கு கோச் ஆனபோது வயது முப்பத்து நான்கு. ஓய்வு பெற்றது 2002-ல். ஒன்பது ஸ்டான்லி கோப்பை, 1,244 லீக் வெற்றி.

இதோடு நிறுத்தினால் அவள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும், அடிபட்டார், கோச் ஆனார் என்று. நான் பிடித்துக்கொண்டது வேறு ஒன்றை. போமன் தலையில் மட்டையை வீசியவர் ஜான் கி டால்போ. பல வருடம் கழித்து அதே டால்போ செயின்ட் லூயிஸில் போமனின் அணியிலேயே ஆடினார். அந்த மனிதரைத் தன் பெஞ்சில் உட்கார வைத்து, இவருடைய கால் இன்று எத்தனை ஷிஃப்ட் தாங்கும், யாரோடு இறக்கினால் சரியாக இருக்கும் என்று போமன் யோசித்திருக்கிறார். தன் காயத்தையே நினைத்துக்கொண்டிருக்கிற ஒருவரால் அது முடியாது. அடிபட்ட எல்லாரும் போமன் ஆவதில்லை. காயம் அவரை ஆட்டத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான். கோச் ஆக்கியது சின்னப் பையன்களோடு அவர் நின்ற வருடங்கள்.

ஜெசிகா காம்ப்பெல்லையும் சொல்ல வேண்டும். கனடா அணிக்கு ஆடியவர். பிறகு ஸ்கேட்டிங்கை மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இறங்கினார். என்.எச்.எல். ஆட்டக்காரர்களே காலைச் சரிசெய்துகொள்ள அவரிடம் வந்தார்கள். ஜெர்மனியில் துணை கோச், அப்புறம் ஏ.எச்.எல்., 2024-ல் சியாட்டில் கிராகன். என்.எச்.எல்.லில் முழுநேரத் துணை கோச்சாக பெஞ்சுக்குப் பின்னால் நின்ற முதல் பெண்.

எங்கள் கோல்கீப்பரின் அப்பா கேத்தியில் கேரட் போடுகிறவர், பள்ளிக்கு வந்திருந்தார். "விளையாடறதே சோறு போடாதுங்க டீச்சர், சொல்லிக்குடுக்கிறது போடுமா?" என்று கேட்டார். மழுப்பவில்லை, உள்ளதைச் சொன்னேன். நிரந்தரம் இல்லாத வேலைதான். 2019 ஜனவரி தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் அணி முழு லீகிலும் கடைசி இடத்தில் கிடந்தது. பழைய கோச்சை நீக்கிவிட்டு இடைக்காலமாகப் போட்ட கிரெய்க் பெரூபி ஜூனில் கோப்பையை வாங்கிக்கொடுத்தார். அதே அணி 2023 டிசம்பரில் அவரையும் அனுப்பிவிட்டது. கோப்பை தந்தவருக்கே அப்படி. நம் ஊரில் பி.பி.எட். முடித்து பாட்டியாலாவில் இருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.ஸில் பயிற்சியாளர் டிப்ளமா வாங்கினால் பள்ளி, விடுதி, ராணுவம் என்று சில கதவுகள் திறக்கும், எல்லாம் திறக்காது என்றேன். அவர் தலையாட்டினார். சம்மதமா மறுப்பா என்று இன்னும் தெரியவில்லை.

லடாக் பெண்களைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். வருடத்தில் இரண்டு மாதம்தான் இயற்கைப் பனி. அதை வைத்துக்கொண்டு 2016-ல் முதல் சர்வதேசப் போட்டிக்குப் போனார்கள். 2017-ல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள், அது முதல் வெற்றி. கனடாவுக்கு நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கித்தந்த ஹெய்லி விக்கன்ஹைசர் 2018-ல் லேவுக்கே வந்து அந்தப் பிள்ளைகளோடு பனியில் இறங்கிச் சொல்லிக்கொடுத்தார். 2025-ல் ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்களுக்கு வெண்கலம். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "குளத்துலயா?" என்று நிமிர்ந்து கேட்டார்.

போன சனிக்கிழமை ஸ்டாப் வாட்ச்சை எங்கள் கோல்கீப்பர் கையில் கொடுத்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று மூன்றாகப் பிரித்து, நாற்பத்தைந்து விநாடி ஆட்டம், விசில், அடுத்த மூவர். ஐஸ் ஹாக்கி கணக்கு. நான் நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்துகொண்டேன். நான்கு சுற்று போனது. அவள் பந்தைப் பார்க்கவே இல்லை, பிள்ளைகளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது சுற்றில் விசிலை ஊதி நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"மிஸ், அந்தக் குட்டிப் பொண்ணு சோம்பேறி இல்ல. ஷூ ரெண்டு சைஸ் பெருசு. அதான் திரும்பும்போது லேட் ஆகுது."

இரண்டு மாதமாக அந்தப் பிள்ளையை "சுறுசுறுப்பா திரும்பு, சுறுசுறுப்பா திரும்பு" என்று நான்தான் விரட்டிக்கொண்டிருந்தேன். எழுந்து போய் பை அறையிலிருந்து பழைய செய்தித்தாளை எடுத்து வந்தேன். பிரேஸ் போட்ட காலை நீட்டிக்கொண்டு ஈரப் புல்லில் உட்கார்ந்து, அவள் அதைக் கசக்கிக் கசக்கி அந்த ஷூவின் முனைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். குட்டிப் பெண் ஒற்றைக் காலில் நின்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது.