அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்

வாய்ப் புற்றுநோய் முற்றியவர்களின் அறைக்குள் நுழைந்தால், ஆளைப் பார்ப்பதற்கு முன்பே வாடை வந்து நிற்கும். பதினோரு வருடம் ஆதரவு சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தேன். அந்த வாடை பழகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு அண்ணனுக்குக் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு புண் வெளியே வந்திருந்தது. மூக்கு வழியாகப் போட்ட டியூபில்தான் சாப்பாடு. அவர் மனைவி, அந்த அக்கா, கஞ்சியை வடிகட்டி, பெரிய சிரிஞ்சில் ஊற்றி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அது தானாக இறங்கும்வரை நிற்பார். அவசரப்பட்டுத் தள்ளக்கூடாது என்று ஒருமுறைதான் சொன்னேன். அதன்பின் ஒருநாளும் தள்ளவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் வருவார்கள். வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவே கைக்குட்டையோடு நின்று ஜெபிப்பார்கள். ஜெபம் நீளமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கால் வெளியே இருக்கும். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினை எடுப்பது விசுவாசக் குறைவு என்று ஒரு மூப்பர் சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு அக்கா மாத்திரையைக் கொடுக்கத் தயங்கினார். நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். நின்று பிரசங்கம் செய்தான் என்று லூக்கா எழுதவில்லை. மாத்திரையைப் பொடித்து நானே டியூபில் கொடுத்தேன்.

மூப்பரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கும் இல்லை. ஒருநாள் அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதபோது, "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் அக்கா" என்று சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "எது நன்மை, சிஸ்டர்?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. டிரெஸ்ஸிங் டிராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

வேதத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்த பிறகுதான், 'நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்' (ஆறுதல் சொல்ல வந்து தொல்லை கொடுக்கிறவர்கள்) என்று அவனிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். இறந்துபோன லாசருவின் கல்லறையிலும் அவன் சகோதரி மார்த்தாள் முதலில் சொன்னது வாடையைப் பற்றித்தான்: "நாறுமே, நாலு நாளாயிற்றே." இயேசு அதற்கு முன்பே அழுதிருந்தார். கல்லறையைவிட்டுத் தள்ளி நிற்கவும் இல்லை.

1967இல் லண்டனில் சாகப்போகிறவர்களைப் பராமரிக்க செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு சமூகப் பணியாளர், அதன்பின் டாக்டர். கெத்செமனேயில் இயேசு சீஷர்களிடம் கேட்ட 'என்னோடுகூட விழித்திருங்கள்' என்பதைத்தான் தன் வேலைக்கு அடிப்படையாக வைத்தார். இயேசு விளக்கம் கேட்கவில்லை, விழித்திருக்கத்தான் கேட்டார். அதற்கே கூடப்போன சீஷர்கள் மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள்.

படிக்கட்டில் அக்கா அப்படிக் கேட்ட மறுநாளிலிருந்து அண்ணனின் புண்ணைச் சலைனில் கழுவி, டாக்டர் எழுதிக்கொடுத்தபடி கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினோம். சில நாளில் வாடை அடங்கியது. பேத்தி கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். எந்த வசனமும் செய்யாததை அந்த வெள்ளைப் பொடி செய்தது என்று சொன்னால் போதகர் கோபிப்பார், சொல்லிவிட்டேன்.

அந்த வாரம்தான் அண்ணனின் தம்பி வந்தார். லாரி ஓட்டுகிறவர்; கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோவில் பக்கம் எட்டிப்பார்க்கும் ரகம். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. "இன்றைக்கு ராத்திரி நான் இருக்கிறேன் மதினி, நீங்கள் போய்ப் படுங்கள்" என்றார். கஞ்சி ஊற்றக் கற்றுக்கொடுத்தேன். சிரிஞ்சைப் பிடித்த அந்தப் பெரிய கை நடுங்கியது.

விடிந்து ஆறரை மணிக்கு அக்கா வராந்தாவிலிருந்து அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். இவ்வளவு நேரம் தூங்கிவிட்டோமே, என்ன ஆயிற்றோ என்ற பயம். உள்ளே தம்பி ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, அண்ணனின் கையை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.