ஒண்டும் செய்யேலாது தம்பி

"அக்கா, நான் பழைய இடத்தில ரிசைன் பண்ணீட்டனே." பெடியன் முதல்ல சொன்னது இவ்வளவுதான். கத்தேல்லை. கத்தியிருந்தா நானும் ஃபோனை வச்சிட்டு வேலையைப் பாத்திருப்பன்.

எங்கட கொம்பனியில அவனுக்கு வேலை எண்டு ரெண்டு பக்கமும் கையெழுத்து வச்ச லெட்டர் இருக்கு, ஆனா ஆள் எடுக்கிறதை நிப்பாட்டுங்கோ எண்டு வெள்ளி பின்னேரம் மெயில் வருது. தமிழ்ப் பெடியன்தானே நீங்களே சொல்லுங்கோ எண்டு மனேஜர் என்ர தலையில கட்டினார், எழுத்தில ஒண்டும் குடுக்க வேண்டாமாம், ஃபோன்ல மட்டுமாம்.

பிறகு கேட்டான், "எனக்கு ஏதும் உரிமை இருக்கோ அக்கா? லேபர் டிப்பார்ட்மென்டுக்குப் போகலாமோ?"

"நீங்கள் இன்னும் வேலைக்குச் சேரேல்லைத்தானே. ஒண்டும் செய்யேலாது தம்பி."

பொய்யில்லை. 1971ம் ஆண்டு 45ம் இலக்க வேலைநீக்கச் சட்டம் பாதுகாக்கோணுமெண்டா முந்தின 12 மாசத்தில 180 நாளாவது அங்க வேலை செய்திருக்கோணும், இவன் எங்களிட்ட ஒரு நாள்கூட இல்லை, நாரஹேன்பிட்டி லேபர் டிப்பார்ட்மென்டுக்குப் போய் அந்தச் சட்டத்தைக் காட்டி என்ன பிரயோசனம்? ஆனா அவன் சட்ட இலக்கமா கேட்டவன்? கையெழுத்து வச்ச லெட்டர் ஒரு ஒப்பந்தம், ஒரு பக்கம் முறிச்சா மாவட்ட நீதிமன்றத்தில நட்டஈடு கேட்கலாம், அது எனக்குத் தெரியும். கொம்பனிச் சம்பளத்தில சாப்பிடுற நான் எங்களுக்கு எதிரா வழக்குப் போடச் சொல்லுறதோ? புதுக்கடை நீதிமன்றத்துக்கு அலைஞ்சு லோயருக்குக் குடுத்து அவனுக்குத்தான் என்ன மிஞ்சும் எண்டும் நினைச்சன். எனக்கு வசதியான நினைப்பு, அதுவும் விளங்குது.

சரி, வழக்கை விடுவம். அவனுக்கு நோட்டிஸ் முடிய இன்னும் 9 நாள் கிடந்தது. இண்டைக்கே பழைய பொஸ்ஸிட்ட போய் ரிசிக்னேஷனைத் திருப்பி எடுக்கேலுமோ எண்டு கேளுங்கோ, எங்களிட்ட எழுத்தில காரணம் கேளுங்கோ, ஒரு மெயில் வரும்வரை விடாதேங்கோ. இதைச் சொல்ல என்னை ஆர் மறிச்சது? மனேஜர் பக்கத்தில கூட இல்லை. வெள்ளவத்தையில பஸ்ஸால இறங்கேக்கதான் மண்டையில பட்டது, அதுவும் உடன எடுத்தனோ? இல்லை. திங்கள் எடுப்பம் எண்டு வீட்ட போய் இடியப்பம் அவிச்சன்.

திங்கள் எடுத்தன். "பழைய இடத்தில ஆள் போட்டுட்டினம் அக்கா, வெள்ளி வந்திருந்தா பாத்திருக்கலாமாம்" எண்டான். எனக்கு வாயில ஒண்டும் வரேல்லை. நான் ஒரு ஆளா மனேஜரோட சண்டை பிடிச்சிருந்தாலும் அந்த மெயில் மாறியிருக்காது, அது வேற கதை.

இப்ப எங்கட புது லெட்டருகளில ஒரு வரி கூடியிருக்கு, சேருற நாளுக்கு முன்னம் கொம்பனி இதை மீளப்பெறலாம் எண்டு. டைப் பண்ணினது நான்தான்.