கேத்தல் இருக்க பன்சன் எதற்கு?

உயிரியல் கூடத்தில் படிவம் நான்கு பிள்ளைகளுக்கு அசிட் போத்தலைக் கண்டால்தான் பயம். சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில், ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அசிட் கையில் பட்டால் எப்படி எரியும் என்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்களும் உண்டு. எத்தனாலை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. போத்தலில் 'மூடா தெர்பாக்கார்' (எளிதில் தீப்பற்றும்) என்று மலாயில் எழுதியிருந்தாலும் மூக்குக்கு அது கிளினிக் வாசம், அவ்வளவுதான். இலையில் மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனையில் தீப்பிடிப்பது இந்த அலட்சியத்தால்தான்.

தூய எத்தனாலின் ஆவி ஏறக்குறைய 13 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றும். நம் ஊர் வகுப்பறையோ பகலில் 30 டிகிரி. ஆக, மூடி திறந்த நேரத்திலிருந்தே பற்றக்கூடிய ஆவி மேசைமேல் இருக்கிறது. காற்றைவிட அது ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். மேலே போகாமல் மேசையோடு தவழ்ந்து அடுத்த குழுவின் அடுப்பைத் தேடிப் போகும். காற்றாடி சுழன்றால் எந்தப் பக்கம் போகும் என்றே சொல்ல முடியாது.

பாடத்தில் சொல்வது சரிதான்: இலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போடு, அடுப்பை அணை, பச்சையம் இறங்க எத்தனால் உள்ள கொதிகுழாயில் இலையை இட்டு, அந்தக் குழாயைச் சுடுநீருக்குள் வை. கோளாறு அதற்குப் பிறகு வருகிறது. எத்தனால் கொதிப்பது 78 டிகிரியில். பீக்கரில் தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் இலை வெளுப்பதற்குள் சூடு அதற்குக் கீழே இறங்கிவிடும், குமிழ் நின்றுவிடும். மணியடிக்க ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. உடனே ஒருவர் குழாயை எடுக்காமலேயே பன்சன் அடுப்பை மறுபடி பற்ற வைப்பார். விபத்து பிறப்பது அந்த இடத்தில்தான்.

அதனால் இந்தச் சோதனைக்கு மின்சாரக் கேத்தல் போதும் என்பதே எங்கள் கட்சி. 400 மில்லி பீக்கரில் பாதிக்குமேல் கொதிநீர், குழாயில் 10 மில்லி எத்தனால். ஆறிப்போனால் குழாயை வெளியே எடுத்துவிட்டுப் புதுச் சுடுநீர் மாற்றினால் சரி. செம்பருத்தியில் தடித்த முற்றல் இலையைப் பறிக்காதீர்கள், பச்சையம் இறங்க நேரமாகும். குழாயின் வாய் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. எத்தனால் திடீரென்று பொங்கித் தெறிக்கும். வெளுத்த இலை மொறுமொறுவென்று உடையும், சுடுநீரில் ஒருமுறை முக்கினால் இளகும். மாவுச்சத்தைக் காட்டும் அயோடின் அதற்குப் பிறகுதான்.

எத்தனால் தீ வெளிர்நீலம். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. குழாய் வாயில் பற்றினால் அதைத் தூக்கிக்கொண்டு சிங்க்கிற்கு ஓடாதீர்கள், வழியெல்லாம் தீ சிந்தும். ஈரத்துணியால் வாயை மூடினால் அணைந்துவிடும். கை சுட்டுவிட்டதா, 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப் எல்லாம் வேண்டாம்.

நெருப்பே இல்லாத ஆபத்து, கிருமி வளர்த்துப் பார்க்கும் அகார் தட்டில் இருக்கிறது. மூடியைச் சுற்றி முழுக்க டேப் ஒட்டிவிட்டால் காற்று புகாது, ஆக்சிஜன் இல்லாமல் வளரும் கிருமிகளுக்கு நாமே இடம் கொடுத்தது போலாகும். எதிரெதிரே இரண்டு துண்டு டேப் போதும். தட்டைக் கவிழ்த்து வையுங்கள், பெயரை மூடியில் அல்ல, அடித்தட்டில் எழுதுங்கள். 37 டிகிரி மனித உடம்பின் சூடு; நம்மைத் தாக்கும் கிருமிகளுக்குப் பிடித்ததும் அதுவே. 25 டிகிரி போதும். இன்குபேட்டர் இல்லாமல் நம் ஊர் அறையில் சும்மா வைத்தாலே அதைத் தாண்டிவிடும் என்பதால், தட்டில் எச்சில், மூக்குச்சளி, கழிப்பறைக் கைப்பிடி எதையும் தேய்க்க வேண்டாம். வளர்ந்தபின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்க ஒருவருக்காவது கை துறுதுறுக்கும். அந்தத் தட்டு ஆசிரியர் பார்வையிலேயே இருக்கட்டும்.

முடிந்ததும் தட்டுகளை வெப்பம் தாங்கும் பையில் இட்டு, வாயை இறுக்காமல், ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். பிளாஸ்டிக் தட்டு உருகிக் கட்டியாகத்தான் வெளியே வரும், அதைக் குப்பையில் போடலாம். பச்சையாகிப்போன எத்தனாலை மட்டும் குப்பையிலோ சிங்க்கிலோ கொட்டாமல், பெயர் ஒட்டிய மூடி போத்தலில் சேர்த்து ஆய்வுக்கூட உதவியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.