மரத்திலேயே பழுக்க வேண்டிய பழம்

ஏப்ரல் பிறந்ததும் டெல்லித் தள்ளுவண்டிகளில் காம்போடு கொத்துக் கொத்தாக வந்து இறங்கும் மஞ்சள் பழத்தை இங்கே லோகாட் என்பார்கள். டேராடூன், சஹாரன்பூர் பக்கங்களில் விளைவது. நம் தமிழ்க் குடும்பங்களில் பலர் அதை ஒரு முறை வாங்கிப் பார்த்துவிட்டு, புளிக்கிறது என்று ஒதுக்கி, மாம்பழத்துக்குக் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்தப் புளிப்பு பழத்தின் குற்றமன்று.

மாங்காயைப் போல வைக்கோலில் வைத்துப் பழுக்கவிடக்கூடிய பழம் அன்று இது. பறித்த பிறகு நிறம் சற்று மாறலாமே தவிர, இனிப்பு ஏறாது. ஆனால் முழுதும் பழுத்தால் தோல் அத்தனை மெல்லியதாகி, விரல் அழுந்திய இடமெல்லாம் பழுப்பேறிவிடும் என்பதால், தொலைவுக்கு அனுப்புகிறவர்கள் முன்கூட்டியே பறித்துவிடுகிறார்கள்.

மயூர் விஹாரில் எங்கள் தரைத்தள வீட்டின் பின்புறம் ஒரு மரம் நிற்கிறது. ஒட்டுக்கன்றாக நட்டு நான்காம் ஆண்டில் காய்த்தது. ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் உறவான இந்த மரம், மற்றப் பழமரங்கள் வசந்தத்தில் பூக்க, தான் மட்டும் ஐப்பசி, கார்த்திகையில் பூத்து, டெல்லிப் பனிமூட்டம் முழுவதும் பிஞ்சுகளைச் சுமந்து நிற்கும். பூக்காம்பிலும் மொட்டிலும் பழுப்பு ரோமம் அடர்ந்திருக்கும். எரியோபோட்ரியா என்ற பேரினப் பெயருக்குக் கிரேக்கத்தில் கம்பளிக் கொத்து என்று பொருள். மொட்டைத் தொட்டுப் பார்த்தவருக்கு வேறு பெயர் தோன்றியிருக்காது. சிற்றினப் பெயரில்தான் குழப்பம்: சுவீடன் தாவரவியலாளர் துன்பெர்க் 1780இல் இதை விவரித்தபோது ஜப்பானின் பெயரைச் சூட்டிவிட்டார், தாயகமோ சீனா.

சென்ற ஆண்டு சித்திரைப் பிறப்புக்கு மறுநாள், அடுத்த பிளாக் மாமி வண்டியில் வாங்கிய லோகாட்டைக் கொண்டுவந்து, "பச்சடிக்கு மாங்காய் கிடைக்காட்டா இதைப் போட்டுடலாம், அவ்வளவு புளிப்பு" என்றார். அவரைப் பின்புறம் அழைத்துச் சென்று, வெயில் படும் கிளையில் ஆரஞ்சு நிறம் ஏறி, காம்படியில் பச்சையே இல்லாத ஒரு பழத்தைக் கத்தரியால் நறுக்கிக் கொடுத்தேன். பிடித்து இழுத்தால் தோல் கிழிந்துவிடும். காம்புப் பக்கத்திலிருந்து தோலை உரித்ததும் சாறு மணிக்கட்டுவரை வழிந்தது. உள்ளே புளியங்கொட்டை போலப் பளபளத்த மூன்று விதைகள்.

"கொட்டையைக் கடிச்சுடாதீங்கோ மாமி" என்றேன். ஆப்பிள் விதையில் உள்ள அமிக்டலின் என்ற வேதிப்பொருள் இதிலும் உண்டு; நசுங்கினால் சயனைடு உண்டாகும்.

மாமி பேசாமல் நான்கு பழங்களைத் தின்று முடித்து, "கன்னு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார்.

வண்டியில் வாங்குகிறவர்கள் வெளிர்மஞ்சளை விட்டு, நிறம் ஆழ்ந்த கொத்தாகப் பார்த்து எடுத்து, அன்றே தின்றுவிடுங்கள். எங்கள் மரத்தில் இப்போது காய்கள் நிறம் மாறத் தொடங்கியிருக்கின்றன. கைக்கு எட்டும் கொத்துகளைப் பழைய வேட்டித் துணியால் கட்டிவிட்டேன். உச்சிக் கிளைகள் வழக்கம்போலக் கிளிகளுக்கு.