நோய் அடங்கிய பிறகும் மனசு அடங்காது

ரெமிஷன் என்ற சொல்லுக்கு, நோய் அடங்கிக் கிடக்கிறது என்பதற்கு மேல் பொருளில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு முடக்குவாதத்தில் 28 மூட்டுகளைப் பரிசோதித்துப் போடும் டாஸ்28 கணக்கு 2.6-க்குக் கீழே இறங்கினால் ரெமிஷன் என்று எழுதுவார்கள். அதே சக்தி தோல், சிறுநீரகம் என்று பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸில், எது ரெமிஷன் என்று சொல்லும் டோரிஸ் வரையறைப்படி, தினமும் 5 மில்லிகிராம் வரை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு விழுங்குபவரும் ரெமிஷனில் இருக்கலாம். டாக்டருக்கு அது ஓர் அளவுகோல். வீட்டார் காதில் 'குணமாகிவிட்டது' என்று விழுகிறது. நோயாளி காதில் 'எப்போது திரும்பும்?' என்று.

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. வருடக்கணக்கில் சின்ன வலியையும் முதலிலேயே கண்டுகொண்டதுதான் அவரைக் காப்பாற்றியது. ரிப்போர்ட் நன்றாக வந்ததும் அந்தப் பழக்கம் ஓய்ந்துவிடாது. சிக்கல் என்னவென்றால், சதா கவனித்தால் வலி கூடும். விரல் மூட்டை ஒரே நாளில் 20 தடவை அமுக்கினால் நல்ல மூட்டும் வலிக்கத்தான் செய்யும். வலித்ததும் பயம், பயத்தில் தூக்கம் போகும், தூக்கம் கெட்டால் மறுநாள் உடம்பெல்லாம் வலி. நோய் கிளம்பிவிட்டது என்றே தோன்றும்.

'நினைக்காதே' என்று சொல்லிப் பயனில்லை. பார்ப்பதற்கு ஒரு நேரம் வைத்துவிடலாம். தினமும் ஒரே நேரத்தில், 2 நிமிடம். நோட்டில் ஒரே வரி: காலை இறுக்கம் எத்தனை நிமிடம், வீக்கம் உண்டா, களைப்பு பத்துக்கு எத்தனை, எத்தனை மணி தூங்கியது, மாத்திரை தவறியதா. இடையில் பயம் வந்தால் அதையும் குறித்துவைத்து, மாலையில் 15 நிமிடம் ஒதுக்கி அப்போது கவலைப்படலாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நாள் முழுக்கப் பரவுகிற கவலைக்கு இது ஒரு வரப்பு.

அதைவிட முக்கியம், நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் ஒரு விதி எழுதி வாங்குவது: எந்த அறிகுறி, எத்தனை நாள் நீடித்தால், யாருக்குப் போன் செய்வது. பயந்த மனசோடு அன்றன்று முடிவெடுக்கும் வேலை இதனால் மிச்சம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால், அல்லது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் நோட்டெல்லாம் வேண்டாம், உடனே மருத்துவ உதவி.

தெம்பு வந்த நாளில் நான்கு நாள் வேலையைச் செய்துவிட்டு இரண்டு நாள் படுத்துவிடுவது அடுத்த பொறி. மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவில் ஆரம்பித்து, ஒரு வாரம் அதிலேயே நின்று, பிறகு பத்தில் ஒரு பங்கு கூட்டலாம். களைப்பு மட்டும் போகவே இல்லையென்றால், மனசின் மேல் பழி போடுமுன் ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிட வேண்டும். 'அதான் சரியாயிடுச்சே, இன்னும் என்ன?' என்று கேட்பவர்களுக்கு, 'நோய் அடங்கியிருக்கு, மருந்து தொடருது, களைப்பு இன்னும் இருக்கு' என்ற மூன்று துண்டு பதில் போதும்.

மாத்திரை டப்பாதான் நோயை தினமும் ஞாபகப்படுத்துகிறது. அதனாலேயே அதைத் தூக்கிப்போடத் தோன்றும். சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவரின் உடம்பில், அதே வகைச் சுரப்பைத் தானாகத் தரும் அட்ரீனல் சுரப்பி மந்தமாகியிருக்கலாம். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லிக் குறைக்கும்போதும் தூக்கமும் மனநிலையும் கெடலாம், மூட்டு வலிக்கலாம்.

அழுகை தாமதமாக வருவதும் உண்டு. நோய் முற்றியிருந்தபோது அதற்கு நேரமிருக்கவில்லை. போன வேலையும் வருடங்களும் இப்போதுதான் கணக்கில் வருகின்றன. அதற்கு இடம் கொடுக்கலாம். ஆனால் பெரும்பாலான நாட்கள் எதிலும் பிடிப்பில்லாமல் 2 வாரம் போனால் உதவி கேட்க வேண்டும், மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில் 10-ம் அதற்கு மேலும் வந்தாலும் அப்படியே. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ரத்தப் பரிசோதனையை டாக்டரைப் பார்ப்பதற்கு ஓரிரு நாள் முன்பாக வைத்துக்கொண்டால் காத்திருக்கும் இரவுகள் குறையும். ரிப்போர்ட்டை ராத்திரியில் தனியாகத் திறக்க வேண்டாம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு ஒரு சளிக்கும் ஏறும், பல்லில் சீழ் வைத்தாலும் ஏறும்.