இரண்டு மாத வாடகை

ஜனவரி 7

அப்பா இன்று மூன்றாம் தடவை கேட்டார். "எப்ப பிள்ளை காலிக் கோட்டைக்குப் போறம்?" இதயத்தின் எக்கோ ரிப்போர்ட் வரட்டும் அப்பா என்றேன்.

ஜனவரி 9

ரிப்போர்ட் வரவில்லை. திங்கள் வரச் சொன்னார்கள்.

ஜனவரி 10

இரவு பன்னிரண்டு மணி. ரயிலா பஸ்ஸா என்று இன்னும் முடிவாகவில்லை. மாக்கும்புரவில் பஸ் ஏறினால் அதிவேகப் பாதையில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் காலி. ஏசி, குலுக்கல் இல்லை. எனக்கு அதுதான் நிம்மதி. அப்பா தலையாட்ட மாட்டேன் என்கிறார். ரயில்தான் வேண்டுமாம், அதுவும் வலப்பக்கம். போகும்போது கடல் வலப்பக்கம்தான் வரும், இடப்பக்கம் இருந்தால் போனதற்கே அர்த்தமில்லையாம்.

ரயிலில் இரண்டரை மணித்தியாலம். காலையில் சலக் குளிசை போட்டால் அடுத்த இரண்டு மணித்தியாலமும் கழிவறைப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். ஓடுகிற ரயிலில் அவரை எப்படிப் பிடித்துக்கொண்டு போவது? குளிசையைக் காலிக்குப் போன பிறகு கொடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்க வேண்டும். கேட்கவேண்டியது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் முதலாவது இன்னும் "கோட்டை மதிலில் ஏற எத்தனை படி?" என்பதுதான்.

2004 சுனாமியில் ரயில் அடிபட்ட பெரலிய வரும்போது ஏதாவது கதை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பார்க்க விடக்கூடாது.

ஜனவரி 13

அப்பா வரைபடம் போட்டார். எக்ஸ்ரே வந்த பெரிய கடித உறையின் பின்பக்கத்தில், நீதிமன்றத்தில் கிளாக்கராக வேலை செய்த காலத்து அதே சாய்ந்த எழுத்தில். முதலில் கோட்டை மதில். நிலப்பக்கம் மூன்று கொத்தளம்: நட்சத்திரம், சந்திரன், சூரியன். மொத்தம் பதினான்கு என்றார், பேர் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கி ஆறாவதில் மூச்சு வாங்கியது. பிறகு நீதிமன்றச் சதுக்கம், பரவா வீதி, வெளிச்ச வீடு. வெளிச்ச வீட்டுக்கு எதிரே பள்ளிவாசல். "பார்த்தா மாதா கோயில் எண்டுதான் நினைப்பாய், வெள்ளையா ரெண்டு கோபுரம். ஏமாந்திடாத." அங்கிருந்து ஒரு கோடு. கோட்டின் முடிவில் ஒரு பெட்டி, அவர் வாடகைக்கு அறை எடுத்திருந்த உம்மாவின் வீடு. வரைபடத்தில் இருந்த எல்லாவற்றையும் விட அந்தப் பெட்டிதான் பெரிது.

போனில் செய்மதிப் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மதிலின் வளைவு ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. நாற்பது வருடத்துக்கு மேல். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது ஞாபகமில்லை.

"மாசம் நூற்றைம்பது. ரெண்டு மாசம். உம்மாட்ட குடுக்கேல்ல."

ஓம் அப்பா.

ஜனவரி 14

பொங்கல். சர்க்கரைப் பொங்கல் இரண்டு கரண்டி. ஒரு நாளைக்குத் தண்ணீர் ஒரு லீற்றர் என்றபடியால் பாலையும் அதில் கழித்தேன்.

ஜனவரி 16

ரிப்போர்ட் வந்தது. இதயம் இரத்தத்தைத் தள்ளுவது 35 வீதம்.

அண்ணா ரொறன்ரோவிலிருந்து எடுத்தான். "உனக்கென்ன விசரா? இந்த நிலையில மனுசனை ஏன் அலைக்கழிக்கிறாய்? வீடியோவில காட்டு." நான் கத்திவிட்டேன். எதைக் காட்டுவது? ஒல்லாந்தர் கட்டிய மதிலையா, 1755இல் கட்டிய தேவாலயத்தையா? அதெல்லாம் ஆயிரம் பேர் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர் படம் பார்க்கக் கேட்கவில்லை. அந்த மதிலில் ஏறி நிற்கவேண்டும், அந்த வீட்டுப் படியில் காசை வைக்கவேண்டும். அவ்வளவுதான் கேட்கிறார். 83 கலவரத்தின்போது அண்ணா பிறக்கவே இல்லை, நானும் இல்லை. லொறியில் கொழும்புக்கு வந்து, முகாமில் கிடந்து, காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏறிய மனிதர் அவர்தான். அதற்கு முந்திய இரண்டு நாளும் உம்மா வீட்டுப் பின்னறையில் இருந்தார். உம்மா வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாவாம், இரவும் பகலும்.

அண்ணாவிடம் இதைச் சொல்லவில்லை. போனை வைத்த பிறகுதான் எல்லாம் வந்தது.

ஜனவரி 19

ஒத்திகை. கொழும்பு தேசிய நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்க. வாசல் படியில் இரண்டு தடவை நின்றார். உள்ளே போய் மும்மொழிக் கல்வெட்டுக்கு முன்னால் கதிரை கேட்டு வாங்கி இருத்தினேன்.

இதுவும் காலிக் கல்தான். 1409ஆம் ஆண்டு திகதியோடு சீனத் தளபதி செங் ஹேயின் கப்பல்கள் கொண்டுவந்தது. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. மூன்று பேருக்கும் பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல். அப்புறம் எப்படியோ ஒரு மதகுக்கு மூடியாகப் போய்விட்டது. 1911இல்தான் கண்டெடுத்தார்கள். தமிழ் எழுத்து நன்றாகத் தேய்ந்திருக்கிறது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு எழுத்தைப் பிடித்துவிட்டார், "னா" என்றார். சுட்டுவிரலைக் காற்றில் வைத்து அதை எழுதிக் காட்டினார். நகத்தில் நீலம் பாரித்திருந்ததை அப்போதுதான் கண்டேன்.

உடனே ஓட்டோ பிடித்து வீட்டுக்கு.

ஜனவரி 20

கோட்டைக்குள் உள்ள தங்குமிடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் எடுத்தேன். பாதி வீடுகள் வெளிநாட்டுக்காரர் கைக்குப் போய் ஹோட்டலாகிவிட்டன. ஒரு இடத்தில் ஒரு பொடியன் பொறுமையாகக் கேட்டார். பள்ளிவாசலடியில் வாடகைக்கு அறை கொடுத்த உம்மா, மாணிக்கக்கல் வியாபாரம் செய்த குடும்பம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வாப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் அக்கா என்றார்.

ஜனவரி 23

படி இல்லை!

பிரதான வாசல் 1873இல் ஆங்கிலேயர் உடைத்துத் திறந்தது, ரோட்டு மட்டத்தில் நேரே உள்ளே போகிறது. ஓட்டோ மதிலின் அடிவரை வரும். மேற்குப் பக்கம் மதிலுக்கு ஏற புல் சரிவு இருக்கிறது. இன்று முழுவதும் ஆட்கள் எடுத்த வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு கிழவி பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சரிவில் ஏறுகிறா. நாலு தரம் பார்த்தேன். அவவால் ஏலுமென்றால் அப்பாவாலும் ஏலும். மடக்குக் கதிரை ஒன்று கொண்டுபோவேன். பத்து அடி, இருத்தல். பத்து அடி, இருத்தல்.

கொழும்புக் கோட்டையின் மதிலை ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள், ரயில் நிலையத்தில் பெயர் மட்டும் மிச்சம். காலியில் விட்டுவைத்தார்கள். 2004இல் கடல் வந்தபோது பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் மூழ்கின, உள்ளே இருந்த தெருக்களை மதில் காத்தது. அன்று முழுவதும் அப்பா டிவிக்கு முன்னால் இருந்து "உம்மா உள்ளதான் இருக்கிறா, உம்மா உள்ளதான் இருக்கிறா" என்று சொல்லிக்கொண்டிருந்தது இன்றைக்கு ஞாபகம் வந்தது.

ஜனவரி 25

இரண்டு தலையணை போதவில்லை. மூன்று வைத்தேன்.

ஜனவரி 27

பொடியனின் வாப்பா எடுத்தார். உம்மா மௌத்தாகி இருபது வருடத்துக்கு மேலாம். வீடு கைமாறிவிட்டது. கடைசி மகள் மட்டும் கோட்டைக்குள்ளேயே இன்னொரு தெருவில் இருக்கிறாவாம். பிறகு அவரே கேட்டார்: "கோட்டில இருந்த கிளாக்கரா? வெள்ளைக் கால்சட்டை, றலி சைக்கிள்?"

என்னால் பேச முடியவில்லை. ஓம் என்று சொன்னேனா என்றுகூடத் தெரியவில்லை. வரும்போது மகளிடம் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்.

அப்பாவிடம் உம்மாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. மகள் இருக்கிறா என்று மட்டும் சொன்னேன். "சின்னவளா? ரெட்டைப் பின்னல்." அப்புறம் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழும்பினேன். "வட்டியோட குடுக்கவேணும் பிள்ளை" என்றார்.

ஜனவரி 29

டொக்டர் 31ஆம் திகதி நாலு மணிக்குப் பார்க்கிறார். ரயில் டிக்கெட் பெப்ரவரி 8க்குப் பதிந்தாயிற்று. வலப்பக்கம்.

ஜனவரி 30

முந்நூறு ரூபாயைப் புதுத் தாளாக மாற்றித் தரச் சொன்னார். மூன்று நூறு ரூபாய்த் தாள், மடிப்பு விழாதது. உறையில் போட்டு உம்மாவின் பெயரை எழுதினார். கை நடுங்கியது, எழுதித் தரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். உறை இப்போது குளிசைப் பெட்டிக்கு மேல் இருக்கிறது.

இரவு இருமல் தொடங்கியிருக்கிறது. கால் வீக்கம் காலையில் இருந்ததை விட